பெரியம்மாவுக்கு ஒரு தட்டு ஸ்பகெற்றி

கொழும்பு கறுவாத்தோட்டத்தில் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சாப்பாடு எப்போதும் ஒரு சிக்கல். லயனல் வென்ட் அரங்கும் தாமரைத்தடாகம் அரங்கும் விகாரமகாதேவி பூங்காவை ஒட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போகலாம். ஏழு மணிக்கோ ஏழரைக்கோ நாடகம் தொடங்கும். வெள்ளவத்தையில் இருந்து காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்து சேரும்போதே பசி வந்துவிடும். முடிந்து வெளியே வந்தால் பாதிக் கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும்.

வென்ட் பக்கத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் பழைய வீட்டின் முன்பகுதியில் நடக்கும் அந்தச் சின்ன இத்தாலியக் கடை எனக்குப் பிடிக்க முதல் காரணம் இதுதான். மெனுவைத் தருவதற்கு முன்பே "எத்தனை மணிக்கு ஷோ?" என்று கேட்பார்கள். நேரம் குறைவு என்றால் ரிசோட்டோ வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அரிசியைச் சூப்பு ஊற்றி ஊற்றிக் கிளறி எடுக்கப் பதினெட்டு, இருபது நிமிடம் ஆகும். அவசரப்படுத்தினால் அரிசியின் நடு வேகாது. ஸ்பகெற்றி என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும்.

சமையல்காரர் வென்னப்புவை ஆள். அந்தக் கரையோரத்தில் இருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் அவ்வளவு பேர். ஊரையே 'குட்டி இத்தாலி' என்பார்கள். இவர் மிலானில் பல வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றுவிட்டுத் திரும்பியவர்.

போன வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருக்கும் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, எந்த நாளும் மரக்கறிதான். பரிமாறும் பையன் பதுளைப் பக்கம். பெரியம்மா உட்கார்ந்ததும் அவனிடம் நேராகக் கேட்டார்:

"தம்பி, இதில மச்சம் இல்லாதது எது?"

நான் பெஸ்டோ என்ற பச்சைச் சட்னி போட்ட பாஸ்தாவைக் காட்டினேன். துளசிபோல ஒரு இலை, ஒலிவ் எண்ணெய், உள்ளி, பைன் விதை, பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். பையன் தலையாட்டினான்.

"அம்மா, அதுல சீஸ் இருக்கு."

"சீஸ் பால்தானே?"

"பால்தான் அம்மா. ஆனா பார்மெசான் செய்றப்போ, பாலைத் திரைய வைக்கக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ஒன்ன சேர்ப்பாங்க. நீங்க சுத்த மரக்கறின்னா சொல்லாம இருக்கக் கூடாதில்ல."

அந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் பலருக்கு இந்த விஷயம் தெரியாது. உண்மையான பார்மெசானுக்குக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரெனெற்தான் போட வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. பெக்கோரினோ ரொமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் ரெனெற். பன்ன கொத்தா என்ற கிரீம் இனிப்பில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மெனுவில் இலைப் படம் போட்டிருந்தாலும் இதெல்லாம் உள்ளே இருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் ஒரு பெஸ்டோவை விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் சொன்னான். விரதம் இருக்கிறவர்களை இப்படி மதிக்கிற கடையை நான் விடமாட்டேன்.

அப்புறம் சமையல்காரரே வெளியே வந்தார். சிங்களத்தில் அவர் சொன்னதைப் பையன் தமிழில் சொன்னான். காய்ந்த ஸ்பகெற்றியில் முட்டை இல்லை, கோதுமை ரவையும் தண்ணீரும்தான். கடையிலேயே பிசைகிற பாஸ்தாவில்தான் முட்டை. அம்மாவுக்கு உள்ளியும் செத்தல் மிளகாயும் ஒலிவ் எண்ணெயும் போட்டுச் செய்து தருகிறேன், சீஸுக்குப் பதில் பாண்தூள் தூவுகிறேன் என்றார். சீஸ் வாங்க வசதியில்லாத தென் இத்தாலி வீடுகளில் பழைய பாணை உதிர்த்து எண்ணெயில் வறுத்துத் தூவுவது வழக்கமாம்.

தட்டு வந்தது. உள்ளியை மெல்லிய வில்லைகளாகச் சீவி, எண்ணெய் சூடாகும் முன்பே அதில் போட்டு, சின்ன நெருப்பில் வைத்திருக்கிறார்கள். பொன்னிறத்தைத் தாண்டவில்லை, தாண்டினால் கசக்கும். முக்கால் பதத்தில் எடுத்த ஸ்பகெற்றியை அந்தச் சட்டியில் கொட்டி, அவித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு உலுக்க வேண்டும். மாவுச்சத்து கலந்த அந்தத் தண்ணீர்தான் எண்ணெயைப் பிரியாமல் பிடித்து, நூலெல்லாம் பளபளவென்று ஒட்ட வைக்கிறது. பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டதுமே இதைக் கண்டுபிடித்துவிட்டார். "சோறு வடிச்ச கஞ்சியை நாங்கள் ஊத்தாமல் வைக்கிற மாதிரி, இவையும் வைக்கினம்" என்றார். மேலே பாண்தூள் கறுக்மொறுக்கென்று கடிபட்டது. உறைப்பு கடைசியில்தான் தெரிந்தது.

எனக்குப் பெக்கோரினோவும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. அரைகுறையாக இடித்த மிளகு மாத்தளையில் இருந்து வருகிறது. ரோமாபுரிக்காரர் ஒரு காலத்தில் கேரளக் கரையில் இருந்த முசிறிவரை கப்பலில் வந்து வாங்கிப்போன சாமான் அல்லவா மிளகு! மன்னார்ப் பக்கத்து மாந்தைத் துறைமுக அகழ்விலும் பழைய மிளகு மணிகள் கிடைத்திருக்கின்றன. அந்த நாட்டுச் சமையலில் எங்கள் பக்கத்து மிளகு இவ்வளவு இயல்பாக நிற்பதை நாக்கில் உணர்வது எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே பாஸ்தா என்றாலே கிரீமும் கோழியும் கொட்டித் தரும் பழக்கம் வந்துவிட்டது. நம் நாக்குக்கு அதெல்லாம் தேவையில்லை. மிளகும் உள்ளியும் தெரிந்த நாக்கு இது.

ஷோவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பில் கேட்காமலே வந்தது. நடந்தே அரங்குக்குப் போய்ச் சேர்ந்தோம். நாடகம் பரவாயில்லை, இரண்டாம் பாதி கொஞ்சம் நீளம்.

நீங்கள் போவதாக இருந்தால் மேசை பதியும்போதே ஷோ நேரத்தைச் சொல்லுங்கள், மரக்கறி என்றால் சீஸும் ஜெலட்டினும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரியம்மா பாண்தூள் வறுக்கும் விதத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். ஊரில் நல்லெண்ணெயில் செய்யப் போகிறாராம். எள் வாசம் உள்ளியை அமுக்கிவிடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை.