வெயில் நாளின் எண்

ஓடையில் இறங்கி ஒரு பாட்டில் தண்ணீர் பிடிப்பதற்குப் பயிற்சி எதற்கு என்றுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நினைத்தேன். ஓடையில் மலக்கழிவு கலக்கிறதா என்று பார்க்கும் பாக்டீரியா சோதனைக்கு வேண்டியது 100 மி.லி., ஒரு டம்ளருக்கும் குறைவு. அதற்கு முழங்கால்வரை பூட்ஸ், கையுறை, ஐஸ்பெட்டி, படிவம், இதெல்லாம் போதாதென்று இரண்டு ஆட்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த மேடம் அதிகம் பேசமாட்டார். "தண்ணி வர்ற திசையைப் பார்த்து நில்லுங்க. பாட்டிலைத் தொட்ட தண்ணிதான் அப்புறம் உங்க காலைத் தொடணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஏதோ விடுகதை போலிருந்தது, தலையாட்டிவைத்தேன்.

மூன்றாவது வாரம் முதன்முறையாகத் தனியாக இறங்கினேன். குறித்த இடத்தில் கரை செங்குத்தாக இருந்ததால் கொஞ்சம் மேலே தள்ளி இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய நீரோட்டத்தோடு கீழ்நோக்கி நடந்துவந்து, நின்று, பாட்டிலை முக்கி எடுத்துவிட்டேன். மறுநாள் வந்த பாக்டீரியா எண், அந்த இடத்தில் அதுவரை வந்ததிலேயே பெரியது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட, ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று. மேடம் அறிக்கையைப் பார்க்கவில்லை, மூலையில் கழற்றிப் போட்டிருந்த என் பூட்ஸைப் பார்த்தார். "எந்தப் பக்கமா இறங்குனீங்க?" என்றார். அடுத்த நாள் அவரே வந்து, தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலிருந்து கம்பியில் பாட்டிலைக் கட்டி எடுத்தார். எண் பத்தில் ஒரு பங்காக விழுந்துவிட்டது.

நான் அளந்தது ஓடையை அல்ல, என் காலடிச் சேற்றை. வண்டல் பாக்டீரியாவுக்கு வசதியான வீடு. அங்கே வெயில் படாது, தின்ன ஏதாவது இருக்கும், தண்ணீரில் மிதப்பவை செத்துப்போன பிறகும் வண்டலுக்குள் இருப்பவை வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். யாராவது கலக்கிவிட்டால் போதும், ஒரே நொடியில் மேலே வந்துவிடும். அந்த யாராவது ஆள் நானாக இருந்தேன். அதன்பிறகு கீழ்முனையில் தொடங்கி மேல்முனைக்குப் போவது, மேற்பரப்பு நுரையும் வேண்டாம் அடிச்சேறும் வேண்டாம் என்று ஒரு சாண் ஆழத்தில் பாட்டிலைத் திறப்பது, குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் காலியிடம் விடுவது எல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது.

பிடித்த பிறகு கடிகாரத்தோடு ஓட்டம். பாட்டிலுக்குள் போனதும் பாக்டீரியா சும்மா இருப்பதில்லை, வெதுவெதுப்பாக இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் சாகும், இரண்டுமே நமக்குக் கெடுதல். அதனால் ஐஸில் வைத்து, உறையவும் விடாமல், 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தாக வேண்டும். கடைசி இடத்தில் வண்டி சேற்றில் மாட்டி, நேரம் கடந்து, அன்றைய பாட்டில்கள் அத்தனையையும் தொட்டியில் ஊற்றிய நாளும் உண்டு. பெட்டிக்குள் இன்னொரு பாட்டிலும் எப்போதும் வரும். அதில் கிருமி நீக்கிய தண்ணீரை ஓடைக்கரையில் வைத்து ஊற்றி மூடியிருப்போம். அதில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் குற்றவாளி ஓடை இல்லை, நாம்தான்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்தது பார்க்க எளிது. தண்ணீரில் ஒரு பொடியைக் கரைத்து, 97 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, மூடி, 35 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம். கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக் கூட்டத்தில் ஏதாவது இருந்தால் குழி மஞ்சளாகும். புற ஊதா விளக்கை அடித்தால் மஞ்சள் குழிகளில் சில நீலமாக மின்னும், அவைதான் அந்தக் கூட்டத்தில் குடலில் வாழும் ஈ.கோலி. மின்னும் குழிகளை எண்ணி அட்டவணையைப் பார்த்தால், 100 மி.லி. தண்ணீரில் எவ்வளவு ஈ.கோலி என்று ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை சண்டை! தட்டின் எல்லாக் குழிகளும் மின்னினால் அட்டவணை 2419.6 என்ற இடத்தில் முடிந்துவிடும், அதற்குமேல் 'இதைவிட அதிகம்' என்றுதான் எழுத முடியும். ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்தப் புள்ளி ஆறு எந்த பாக்டீரியாவோட ஆறு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். அது எண்ணிக்கையே அல்ல. இத்தனை குழிகள் மின்னியிருக்கின்றன என்றால் தண்ணீரில் பெரும்பாலும் எவ்வளவு இருந்திருக்கும் என்று நிகழ்தகவைக் கொண்டு போட்ட கணக்கு. பெயரிலேயே 'மிகச் சாத்தியமான எண்' என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், படிக்கிறவர்கள்தான் அதை விட்டுவிட்டுப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு பாட்டில்களே ஒத்துப்போகாது. பாக்டீரியா தண்ணீரில் சர்க்கரை மாதிரி சீராகக் கரைந்திருப்பதில்லை, மண்துகளில் ஒட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறது.

இன்னொரு குழப்பம், ஈ.கோலி என்றாலே விஷம் என்ற பயம். 1885-இல் தியோடர் எஷரிச் குழந்தைகளின் மலத்தில் இதை முதலில் விவரித்தபோது அவர் பார்த்தது ஆரோக்கியமான குடலில் சாதாரணமாக வாழும் ஒன்றைத்தான். பெரும்பாலான ஈ.கோலி யாரையும் ஒன்றும் செய்யாது. நாங்கள் அதைத் தேடுவது, அது இருக்கிற இடத்துக்கு மலம் வந்திருக்கிறது என்பதற்காக. மலத்தோடு வரக்கூடிய நோய்க்கிருமிகளும் வைரஸ்களும் ஆயிரம் விதம், ஒவ்வொன்றாகத் தேடக் காசும் பத்தாது, நேரமும் பத்தாது. புகை தெரிந்தால் நெருப்பைப் போய்ப் பார்ப்பது மாதிரி. வேடிக்கை என்னவென்றால், ஈ.கோலியிலேயே ஆபத்தானது என்று பேர் வாங்கிய ஓ157 வகைக்கு எங்கள் விளக்கில் மின்னுவதற்கான நொதி பொதுவாக வேலை செய்வதில்லை. அதாவது மிக மோசமான ஆள் எங்கள் தட்டில் மின்னாமலே போய்விடுவான். இதை நான் கூட்டங்களில் சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கு வேறு எதுவும் பேச முடியாது.

சரி, நான் சொல்ல வந்தது மழை, வெயில் பற்றி.

மழை பெய்து முடிந்ததும் ஓடைத் தண்ணீரை எடுத்தால் எண் எகிறும். தெருவிலும் புல்வெளியிலும் கிடந்த நாய், பறவை, கால்நடைக் கழிவெல்லாம் முதல் வெள்ளத்தோடு வந்து சேரும், ஓடையின் வண்டலும் கிளம்பும். அறிக்கையில் அந்த எண்தான் எல்லார் கண்ணிலும் படும், அதை வைத்துத்தான் தொலைபேசி வரும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, மழைநாள் என்றால் ஒரு பரபரப்பு. மேடம் மழைநாள் எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவார். அவர் விரல் வைத்து நிறுத்தும் இடம் வேறு. பத்து நாள் மழையில்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, வெயில் நேராக அடிக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு எண் குறையாமல் நிற்கிறதென்றால், யாரோ எங்கிருந்தோ தினமும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மழை எல்லாருடைய அழுக்கையும் கொண்டுவருகிறது, அதில் யாரையும் பிடிக்க முடியாது. வறண்ட நாளில் வருவது ஒரு குழாயின் அழுக்கு. அதைப் பிடிக்கலாம்.

ஓடை நெடுக நாங்கள் தண்ணீர் எடுக்கும் இடங்களில் ஆறாவது அப்படித்தான் இருந்தது. மழைநாளில் மற்ற இடங்களைவிடக் குறைவாகக்கூட வரும், அதனாலேயே யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வறண்ட வாரங்களில் மற்ற இடங்கள் எல்லாம் இறங்க, அது மட்டும் அசையாது. இரண்டு வருடத் தாள்களை மழைக்கு ஒரு அடுக்கு, வெயிலுக்கு ஒரு அடுக்கு என்று தரையில் பிரித்துப் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது. அதுவரை எல்லாம் ஒரே கோப்பில், தேதிவாரியாக, ஒன்றும் தெரியாதபடி ஒழுங்காக இருந்தது.

தேடுவதற்கு ஒரே வழி நடப்பதுதான். ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு பாட்டில். அது மோசமா? அப்படியானால் மேல்பாதி. இல்லையா? கீழ்பாதி. ஒவ்வொரு தடவையும் விடை தெரிய ஒரு நாள் ஆகும், ஏனென்றால் பாக்டீரியா வளர 24 மணி நேரம் வேண்டும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய் இரண்டு வாரத்தில் ஒரு கல்லெறி தூரத்துக்கு வந்துவிட்டோம். அங்கே புதருக்குப் பின்னால் ஒரு மழைநீர்க் குழாயின் வாய். மழையே இல்லை, குழாயிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிகிறது. நாற்றமும் பெரிதாக இல்லை. நான் அந்த இடத்தைக் குறைந்தது நாற்பது தடவை தாண்டிப் போயிருப்பேன்.

குழாயின் வாயில் வலைப்பைக்குள் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு வந்தோம். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. துணி வெளுக்கும் சலவைப்பொடியில் ஒளிரும் சாயம் சேர்ப்பார்கள், அது பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், பிறகு புற ஊதா விளக்கில் பஞ்சு பளிச்சென்று நீலமாகத் தெரியும். வாத்து துணி துவைக்காது. பஞ்சு ஒளிர்ந்தால் அந்தத் தண்ணீர் ஒரு வீட்டுக்குள் போய் வந்திருக்கிறது. நான்கு நாள் கழித்து எடுத்துவந்து இருட்டறையில் விளக்கைப் போட்டேன். வெள்ளைச் சட்டை மாதிரி ஜொலித்தது.

அப்புறம் பச்சைச் சாயம். சந்தேகப்பட்ட கட்டடத்தின் கழிப்பறையில் ஒருவர் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விடுவார், நான் குழாயின் வாயில் உட்கார்ந்து காத்திருப்பேன். முதல் இரண்டு கட்டடங்களில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் பத்து நிமிடத்துக்குள் ஓடையில் பச்சை இறங்கியது. கழிவுநீர்க் குழாயை எப்போதோ யாரோ தெரியாமல் மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கு எதுவுமே தெரியாது, பாவம். அவர்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வில்லனைத் தேடிப் போன எனக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

எல்லா இடத்திலும் இப்படிக் கதை முடிவதில்லை. இரண்டாவது இடத்தில் பஞ்சு ஒளிரவில்லை. மனிதக் குடலுக்கே உரிய பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியா வகையின் மரபணு அடையாளத்தை வெளி ஆய்வகத்தில் தேடச் சொன்னோம், அதுவும் இல்லை. அங்கே இருப்பது பறவைகளும் வண்டலும்தான் என்று எழுதி வைத்திருக்கிறோம். பறவைகளுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

குழாயைச் சரிசெய்த பிறகு வந்த சண்டை சராசரியைப் பற்றியது. மாதம் ஐந்து பாட்டில்: 60, 80, 100, 120, பிறகு ஒரு மழைநாளில் 2400. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 552. மேலே இருப்பவர்களுக்கு அதுதான் சராசரி. ஆனால் பாக்டீரியா கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. அதனால் பெருக்குச் சராசரிதான் போடுவோம், ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால் ஏறக்குறைய 169. ஒரு மழைநாள் மாதத்தையே விழுங்காமல் இது காப்பாற்றும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொழுதுபோக்கு நீருக்குச் சொல்லும் 126 என்ற வரம்பும் பெருக்குச் சராசரிக்கு உரியதுதான். ஐரோப்பிய ஒன்றியம் உள்நாட்டு நீர்நிலையில் குளிப்பதற்கு 'மிக நன்று' என்று சொல்வது 500, ஆனால் அது நூற்றில் தொண்ணூற்றைந்து மாதிரிகள் அதற்குள் இருக்க வேண்டும் என்ற வேறு கணக்கு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து 'அவர்கள் கடுமை, இவர்கள் தாராளம்' என்று பேசுகிறவர்களிடம் இதை விளக்கி விளக்கி எனக்குச் சலித்துவிட்டது.

ஆறாவது இடத்தின் எண் உடனே விழவில்லை. குழாயின் வாயில் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது, ஆனால் கீழே ஓடையில் பல வாரம் இழுத்தது. வண்டலில் சேர்த்துவைத்திருந்ததை ஓடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவழித்தது. அதற்குள் இரண்டு பேர், "நீங்க சொன்ன குழாய் இல்லையோ?" என்று கேட்டுவிட்டார்கள். மேடம் மட்டும் கேட்கவில்லை.

போன வாரம் அங்கே பாட்டிலை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா கரையில் நின்றார். கையைப் பிடித்தபடி ஒரு பையன், அவன் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டான். "தண்ணி இன்னைக்கு நல்லாருக்காங்க?" என்று கேட்டார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நாளைக்குத்தாங்க தெரியும்" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, "போன வாரம் நல்லா இருந்துச்சு, அதுக்கப்புறம் மழையும் இல்ல. மழை பேஞ்சா மட்டும் ரெண்டு மூணு நாளைக்கு இறக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். பையன் அதற்குள் இறங்கி, எனக்கு மேலே நின்று, சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை, பாட்டிலை மூடியிருந்தேன்.