உளி நின்ற இடம்: கழுகுமலையில் இரு பயணங்கள்

கோவில்பட்டியில் சங்கரன்கோவில் பேருந்து ஏறினால், இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதும் சன்னல் ஓரமாகக் கழுகுமலை தெரியத் தொடங்கும். சுற்றிலும் தட்டையான கரிசல் காடு. நடுவில் யானை படுத்திருப்பதைப் போல ஒரே பாறையாக அந்தக் குன்று. காவடிச்சிந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது முருகனின் ஊர். அடிவாரத்துக் குடைவரையில் மேற்கு நோக்கி அமர்ந்திருக்கும் கழுகாசலமூர்த்தியை வணங்கிவிட்டு அப்படியே ஊர் திரும்புகிறவர்களே மிகுதி. நான் இரண்டு முறை போனதும் அவரைத் தாண்டி மலைமேல் இருக்கும் இரண்டு இடங்களுக்காக: பாறையைக் குடைந்து இறக்கிய வெட்டுவான் கோயிலும், அதற்கும் மேலே பாறைச் சரிவில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணச் சிற்பங்களும்.

முதல் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை மாதம், கத்திரி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மலையேறினேன். வெறுங்காலை வைக்க முடியாத சூட்டில் நூற்றுச் சொச்சம் படங்கள் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது, ஒன்றுகூடத் தேறவில்லை. படம் தெளிவாகத்தான் இருந்தது. சிற்பம்தான் அதில் இல்லை. மூக்கும் உதடும் நெற்றியும் ஒரே வெளுப்பாக, சப்பாத்தி மாவில் அழுத்திய அச்சைப்போலக் கிடந்தன.

காமிராவைக் குறை சொல்லத் தோன்றியது. பழைய நிக்கான் ஒன்றும், அதனுடன் வந்த 18-55 லென்சும், பிறகு சேமித்து வாங்கிய 50 எம்.எம். லென்சும் மட்டுமே என்னிடம் உள்ளவை. ஆனால் தவறு காமிராவில் இல்லை, நாள்காட்டியில் இருந்தது. கழுகுமலை ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் அங்கே உச்சிப்பொழுது சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். புடைப்புச் சிற்பத்துக்கு ஆழம் கொடுப்பது கல் மட்டுமன்று, அதன்மேல் விழும் நிழலும்தான். வெளிச்சம் பக்கவாட்டில் வழிந்தால் விரலளவு புடைப்பும் உருவமாக எழுந்து நிற்கும். நேராகக் கொட்டினாலோ நெற்றியும் தோளும் மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் சப்பையாகிவிடும். ஆகவே, சூரியன் தெற்கே சாய்ந்து எழும் மாதத்தில் மறுபடியும் போவது என்று முடிவு செய்தேன்.

தை மாதத்தில் போனேன். கோவில்பட்டியில் இரவு தங்கி, முதல் பேருந்தைப் பிடித்து இருட்டு விலகும் முன்பே கழுகுமலையில் இறங்கியபோது, கடைத்தெருவில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்த கடைக்காரர், "தம்பி, போட்டோவுக்கா? இப்பமே ஏறி என்ன செய்யப் போறீய? வெயிலு குழிக்குள்ள எறங்கணும்லா" என்றார். "எத்தனை மணிக்கு அண்ணாச்சி எறங்கும்?" என்று கேட்டதற்கு, "அது மேலேர்ந்துதான் எறங்கி வரும், இருந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். அந்தக் காலை முழுவதற்குமான பாடம் அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வெட்டுவான் கோயிலை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு குழப்பம் வரும். நாம் பழகிய கோயில்களில் அண்ணாந்து பார்த்தால்தான் விமானம் தெரியும். இங்கோ பாறை விளிம்பில் நின்றால் விமானத்தின் சிகரம் நம் கண்மட்டத்தில் நிற்கிறது. கோயில் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. மலைச்சரிவில் மூன்று பக்கமும் ஏறத்தாழ ஏழரை மீட்டர் ஆழத்துக்குப் பாறையைத் தோண்டி அகற்றி, நடுவில் எஞ்சிய ஒற்றைக் கல்லைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி இது. எல்லோராவில் இராட்டிரகூடர்கள் கயிலாசநாதர் கோயிலைக் குடைந்ததும் அதே நூற்றாண்டில்தான். எல்லோராவோடு ஒப்பிட்டு இதற்குப் பட்டம் சூட்டுவது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஒரு மலையையே விழுங்கிய பேருரு. இது கையடக்கமான நகைவேலை. அளவை வைத்துப் பேசினால் இதன் அருமை கண்ணில் படாமல் போகும்.

எண்பட்டைச் சிகரம், அதற்குக் கீழே கழுத்துப் பகுதி, மூலைகளில் படுத்திருக்கும் நந்திகள், கபோதம் எனப்படும் வளைந்த கூரை விளிம்பின்மேல் கூடுகள் என்னும் வளைவு அலங்காரங்கள், அதற்கடியில் ஒன்றோடொன்று சேட்டை செய்யும் பூதகணங்களின் வரி என்று மேல்பகுதி முழுவதும் துளி இடம் விடாமல் வேலைப்பாடு. சிவனும் உமையும் ஒரு பக்கம், திருமாலும் பிரமனும் மற்ற பக்கங்களில். தென்முகத்தில்தான் நான் தேடிவந்த தட்சிணாமூர்த்தி: ஆலின்கீழ் மோனத்தில் அமர்ந்த குருவோ, வீணை தாங்கிய இசைஞரோ அல்லர்; மடியில் மிருதங்கத்தை வைத்து வாசிக்கிறார். தமிழ்நாட்டில் எத்தனையோ தட்சிணாமூர்த்திகளைப் படமெடுத்திருக்கிறேன், தாளம் போடுகிறவரை இங்கேதான் பார்த்தேன்.

தென்முகம் என்பதுதான் புகைப்படக்காரனுக்குச் சிக்கல். சித்திரையில் நான் வந்தபோது சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுந்து, உச்சியில் தலைக்கு நேராக வந்து, அப்படியே மேற்கே இறங்கியிருக்கும். இந்த முகத்தில் அது பக்கவாட்டில் விழுந்திருக்க வழியே இல்லை. புரட்டாசிக்குப் பிறகு சூரியன் தென்கிழக்கே நகர்கிறது, பங்குனி வரை அங்கேயே உதிக்கிறது. தென்திசைக் கடவுளுக்குக் காலை வெயில் கிடைப்பது அந்த ஆறு மாதங்களில்தான்.

ஆறே முக்கால் மணி இருக்கும். சிகரத்தின் உச்சி மட்டும் மஞ்சள் பூசியதைப்போல ஆனது. மற்றதெல்லாம் இன்னும் நீலச் சாம்பல். பிறகு, நான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த போதே, அந்த மஞ்சள் ஒவ்வொரு பட்டையாக இறங்கத் தொடங்கியது. தென்பக்கத்துப் பாறைச்சுவரின் நிழல் தாழத் தாழ, வெளிச்சம் சிகரத்திலிருந்து கழுத்துக்கும், நந்தியின் திமிலுக்கும், மிருதங்கம் வாசிப்பவரின் மகுடத்துக்கும் வந்தது. டீக்கடைக்காரர் சொன்னது இதைத்தான். எனக்கு இன்னொன்றும் உறைத்தது: உளியும் இதே வரிசையில்தான் இறங்கியிருக்கிறது. ஒற்றைக்கல் கோயிலை மேலிருந்து கீழாகத்தான் வெட்ட முடியும். சாரம் வேண்டாம், வெட்டிய சில்லு முடிந்த வேலைமேல் விழாது, நிற்க எப்போதும் கீழே பாறை இருக்கும். ஆனால் சிகரத்தில் ஒரு கூடு உடைந்தால் மாற்றுக் கல் வைக்கவும் வழி கிடையாது.

முக்காலியை விரிக்கப் போனபோது காவலர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அது நியாயம்தான், வழுக்குப் பாறை, கீழே பள்ளம். தோள்பையைப் பாறை விளிம்பில் வைத்து அதன்மேல் காமிராவை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெயில் பட்ட கருங்கல்லுக்கும் நிழலில் கிடக்கும் சுவருக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு அதிகம். காமிராவின் போக்குக்கு விட்டால் அது நிழலைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று முகத்தை வெளுத்துவிடும். லென்சின் துளையை எஃப் 8 அளவில் வைத்து, வெயில் படும் நெற்றிக்கு அளந்து, நிழல் இருண்டால் இருளட்டும் என்று விட்டேன். ஏறக்குறைய இருபது நிமிடம்தான் அந்த ஒளி. இடது கன்னத்தில் நிழல் மெல்ல ஏற, வலது கன்னத்திலும் மிருதங்கத்தின் வளைவிலும் வெயில் வழிந்து, உதட்டோரத்தில் முதல் பயணத்தில் நான் பார்க்கவே பார்க்காத ஒரு புன்னகை தெரிந்தது. ஏழரைக்கெல்லாம் அது போய்விட்டது.

இந்தக் கோயில் முடியவில்லை என்பது ஊரறிந்த செய்தி. தந்தையும் மகனும் சிற்பிகளாம். மேலே சமணச் சிற்பங்களைச் செதுக்கிய தந்தையை மகன் வேலையில் முந்திவிட, ஆத்திரத்தில் தந்தை மகனை வெட்டிவிட்டார் என்றும், அதனால்தான் கோயில் இப்படியே நின்றது என்றும் சொல்கிறார்கள். பெயருக்கு ஏற்ற கதைதான். ஆனால் இதே கதை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கோயில்களுக்கும் சொல்லப்படுவதால், நான் அதைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்களிலும் அடிப்பகுதி முடியாமல் நின்றவை உண்டு. அங்கே யாரும் யாரையும் வெட்டவில்லை. கருவறை இடத்தில் பிற்காலத்தில் ஒரு பிள்ளையாரை எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். அவர் அந்த அரைகுறைச் சுவர்களுக்கு நடுவே கவலையே இல்லாமல் இருக்கிறார்.

அங்கிருந்து மேலே ஏறினால் அய்யனார் கோயிலும் மரநிழலும், அதையொட்டிச் சமணச் சிற்பங்களும். பழைய கல்வெட்டுகளில் இந்த மலைக்கு அரைமலை என்று பெயர். பாறை முகம் நெடுகிலும் சாண் அளவு தீர்த்தங்கரர்கள் எனும் சமண ஞானியர், தலைக்கு மேல் மூன்றடுக்கு முக்குடையோடு, அடுக்கடுக்காக அமர்ந்திருக்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்ததாகத் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கை. பல உருவங்களின் கீழே வட்டெழுத்து எனும் பழைய எழுத்தில் ஒரு வரி, செய்வித்தவர் இன்னார், இன்ன ஊர் என்று. துறவியர், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள், அவர்களின் மாணாக்கர்கள் என்று நூறை ஒட்டிய கல்வெட்டுகள் இந்தச் சரிவில் இருக்கின்றன. ஒரு பேரரசன் கட்டளையிட்டுச் செய்த சுவர் அன்று இது. பலர் ஆளுக்கொரு உருவமாகச் சேர்ந்து நிரப்பிய பாறை.

பெரிய சிற்பங்கள் தனித்தனி மாடங்களில். நாகம் படம் விரித்துக் காக்கும் பார்சுவநாதர், கால்களில் கொடி படர இருபுறமும் சகோதரியர் நிற்கும் பாகுபலி, சிங்கமும் குழந்தைகளும் உடனிருக்கும் சமண இயக்கி அம்பிகை. இவற்றில் பாகுபலியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். காலைச் சுற்றிய கொடி அரை விரல் தடிமன்கூட இராது. ஒளி நேராக இருந்தவரை அது கல்லின் சொரசொரப்போடு கலந்து மறைந்தே கிடந்தது. வெயில் சரிந்து வந்த சில நிமிடங்களில் மட்டும், ஒவ்வொரு சுற்றும் தன் நிழலைத் தானே வரைந்துகொண்டு, முழங்காலைத் தாண்டி ஏறியது. வட்டெழுத்தும் அப்படியே. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியைப் பூசுகிறவர்களும் தண்ணீர் தெளிக்கிறவர்களும் உண்டு. அந்தத் தொல்லை எதுவும் கல்லுக்கு வேண்டாம். கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பிவிட்டால் எழுத்து தானே எழுந்து வரும்.

பத்து மணிக்கு மேல் சிற்பங்களை விட்டுவிட்டு உச்சிப் பிள்ளையார் கோயில் வரை ஏறினேன். அங்கிருந்து நாலு திசையும் கரிசல். சித்திரையில் வந்தபோது நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இப்போது புரட்டாசி மழைக்கு விதைத்தது எல்லாம் முற்றி, உளுந்தும் பாசியும் பறிப்புக்கும் மக்காச்சோளம் ஒடிப்புக்கும் நின்றன. ஒடித்து முடித்த புஞ்சைகள் மட்டும் கன்னங்கரேலென்று சதுரம் சதுரமாகத் தெரிந்தன. கீழே தெப்பக்குளம், ஓட்டுக் கூரைகள், தொலைவில் காற்றாலைகள், இடையிடையே சீமைக்கருவேலம்.

நிலக்காட்சி எளிது என்று நினைத்தால், கரிசல் அதற்கும் ஒரு சூழ்ச்சி வைத்திருக்கிறது. காமிராவின் ஒளிமானிக்குக் கறுப்பென்றும் வெளுப்பென்றும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். கறுத்த புஞ்சையை நோக்கினால், "ஐயோ, இருட்டு" என்று தானே ஒளியைக் கூட்டி, கரிசலைச் செம்மண் கலந்த புழுதியாகக் காட்டிவிடும். வெயிலில் பளபளக்கும் பாறையை நோக்கினால் இதற்கு நேர்மாறாக அதை இருட்டாக்கும். ஆகவே கரிசலுக்கு ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி) குறைத்தும், பாறைக்கு அரை ஸ்டாப் கூட்டியும் வைக்க வேண்டியிருந்தது. முதல் சில படங்களில் எண்ணை மாற்ற மறந்து, பாறைக்கு வைத்த அளவிலேயே நிலத்தை எடுத்து, கரிசல் காட்டைக் கடற்கரை மணல்போல ஆக்கி வைத்திருந்தேன். அவற்றை அழிக்கவில்லை, அடுத்த முறைக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

இறங்கும் வழியில் மறுபடியும் வெட்டுவான் கோயில் விளிம்பில் நின்றேன். பகல் பதினொன்றரை. தட்சிணாமூர்த்தி மேல் வெயில் தட்டையாகிவிட்டது. ஆனால் சூரியன் தெற்கே சாய்ந்திருந்ததால், அதுவரை நிழலில் கிடந்த பள்ளத்தின் அடிப்பகுதிக்கு அப்போதுதான் ஒளி எட்டியிருந்தது. அதிட்டானம் என்னும் அடித்தளம் வர வேண்டிய இடத்தில் அதிட்டானம் இல்லை, வெறும் பாறை. அதன்மேல் உளித்தடங்கள்: குறுக்கே, சாய்வாக, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக, ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் கலைந்தும். மேலே நகைபோலத் துலங்கும் கூடுகளிலும் பூதகணங்களிலும் இந்தத் தடங்கள் எல்லாம் தேய்த்து மறைக்கப்பட்டுவிட்டன. கீழே மட்டும்தான் வேலை செய்தவனின் கை அப்படியே இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து அடித்தான் என்று தடத்தின் சரிவை வைத்தே சொல்லிவிடலாம்.

50 எம்.எம். லென்சை மாட்டிக்கொண்டு, பையை மறுபடியும் விளிம்பில் வைத்து, வயிற்றை அழுத்திப் படுத்தேன். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஒளிமானி சொன்னதற்கு அரை ஸ்டாப் கூடுதல். சிற்பம் எதுவும் இல்லாத அந்தப் பாறையை மட்டும் பதினேழு படங்கள் எடுத்து முடித்தபோது, காவலர் மேலே வந்து, "அங்க ஒண்ணும் இல்லியே சார், எதைப் போட்டு எடுக்கீங்க?" என்று கேட்டார். திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்க இருக்கு?" என்றார்.