தம்லுக்: ஒன்றரை வருஷத்துக்கும் மேல் ஓடிய சர்க்கார்

மேற்கு வங்கத்துத் தம்லுக் போய்வந்ததை ரூட்டு, சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே ஏறிய டோட்டோக்காரர் (டோட்டோ என்றால் பேட்டரி ரிக்‌ஷா) மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஹவுராவில் லோக்கல் ரயில் பிடித்து, மெச்சேதாவில் இறங்கி, பஸ்ஸில் தம்லுக் வந்து சேர ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. அங்கிருந்து சுதந்திரப் போராட்ட வீராங்கனை மாதங்கினி ஹஸ்ராவின் சிலை வரை போக 200 ரூபாய் பிடுங்கிவிட்டார். பத்து நிமிஷப் பயணம்! திரும்பும்போது இன்னொருவர் இருபது ரூபாய்தான் வாங்கினார். ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சரி, சிலைக்கு வருவோம். 1942 செப்டம்பர் 29 அன்று, எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கிழவி, வெள்ளையனே வெளியேறு போராட்ட ஊர்வலத்தின் முன்னால் கொடியோடு நடந்து வந்து போலீஸ் குண்டுக்குப் பலியான இடம் அது. குண்டு பட்டும் கொடியைக் கீழே விடவில்லை. நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். அக்டோபர் 16 அன்று புயல் வந்து, தம்லுக் இருந்த மிட்னாபூர் மாவட்டத்தின் கடலோரத்தையே சூறையாடியது. டிசம்பர் 17 அன்று, ஆங்கிலேய ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, சதீஷ் சந்திர சாமந்தா தலைமையில் தாம்ரலிப்த ஜாதீய சர்க்கார் உருவானது. தாம்ரலிப்தம் தம்லுக்கின் பழைய பேர், ஜாதீய சர்க்கார் என்றால் தேசிய அரசு. பேருக்கு ஒரு சர்க்கார் இல்லை. புயல் நிவாரணம் கொடுத்தது, பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது, வழக்குகளைத் தீர்த்துவைத்தது. வசதியானவர்களிடம் மிஞ்சிய நெல்லை ஏழைகளுக்குப் பங்கிட்டது. வித்யுத் வாகினி என்று சொந்தப் படையும் இருந்தது. 1943 வங்காளப் பஞ்சத்தையும் தாண்டி 1944 வரை நின்றது. பள்ளிப் பாடத்தில் இதை ஒரு வரியோடு முடித்துவிடுவது அநியாயம். அந்த நெல் யார் வீட்டுக்குப் போனது, யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

மத்தியானம் தெருவோரச் சாப்பாட்டுக் கடை. சோறு, பருப்பு, கூடவே கொய்னா போரி. கொய்னா என்றால் நகை. நம்ம ஊர் வடகம் மாதிரிதான், ஆனால் அழகைக் கேட்காதீர்கள்! கடைக்காரம்மா மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தட்டு நிறையக் கசகசா பரப்பி, நுரைக்க நுரைக்க அடித்த உளுந்து மாவைக் கூம்பிலிருந்து பிழிந்து, ஜிமிக்கி, தோடு, மாலை என்று கை எடுக்காமல் வரைகிறார். குளிர்கால வெயிலில் காய வேண்டும். பொரித்துப் போட்டதும் வாயில் அப்படியே கரைகிறது. எண்பது ரூபாய்க்கு அப்படி ஒரு சாப்பாடு! டோட்டோவுக்குக் கொடுத்த காசில் இரண்டரைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம்.

பக்கத்து ஊரான மகிஷாதல் போக நேரம் போதவில்லை. 1945 டிசம்பரில் காந்தி வந்த ஊர். ஒரு ராத்திரி தம்லுக்கில் தங்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம். ஜனவரியில் போங்கள், அப்போதுதான் மாடிகளில் போரி காய்ந்துகொண்டிருக்கும்.