சாண எரிவாயு கலனும் கரும்பு சோகையும் - எங்க அனுபவம்

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் எங்களுக்கு கரும்பும் கொஞ்சம் நெல்லும், கொட்டகையில அஞ்சு மாடு. கோபர் கேஸ், அதான் சாண எரிவாயு, போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதான் நாங்க செஞ்சத எழுதறேன். முதல்ல மாட்டை எண்ணுங்க. தினம் 2 கன மீட்டர் கேஸ் தர்ற கலனுக்கு தினம் 50 கிலோ சாணி வேணும், ஒரு மாடு சுமாரா 10 கிலோ போடும். ரெண்டு மூணு மாடுதான்னா 1 கன மீட்டரே போதும், பெருசா கட்டிட்டு சாணிக்கு அலையக் கூடாது.

நாங்க கட்டினது தீனபந்து மாடல். வேற மாடல் மாதிரி மேல இரும்பு டிரம் மிதக்காது, செங்கல் சிமெண்ட்ல கவுத்து வச்ச குடம் மாதிரி முழுசும் மண்ணுக்குள்ள இருக்கும். உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிக்கற ஊருக்கு இதான் சரின்னு நான் நினைக்கறேன். ஆனா வீடு கட்டற கொத்தனார் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் இந்த டோம் வேலைய ஏற்கெனவே செஞ்சு பழகினவர்கிட்டதான் குடுக்கணும், முடி அளவு விரிசல் இருந்தாலும் கேஸ் போயிடும்.

இன்னொண்ணு நம்ம பக்கத்துக்குன்னே சொல்றேன். தென்பெண்ணை ஆத்துக்கும் கெடிலம் ஆத்துக்கும் நடுவுல இருக்கற நிலம், ஐப்பசி கார்த்திகையில ஊத்து மேல வந்துடும், அப்ப கலன் காலியா இருந்தா அடியில இருந்து தண்ணி அப்படியே தூக்கிடும். அதனால கோடையில கட்டி முடிச்சு மழைக்கு முன்னாடியே சாணிக் கரைசல் ஊத்தி ரொப்பிட்டோம். மானியம் வாங்கறதா இருந்தா தோண்டறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சிடுங்க.

முதல் தடவை ரொப்ப டன் கணக்குல சாணி ஆகும், சேர்த்து வச்சிருந்தோம். சாணி ஒரு பங்கு தண்ணி ஒரு பங்கு, மண்ணு வைக்கோல் எல்லாம் பொறுக்கி எடுத்துட்டுதான் உள்ள விடணும். கொட்டகை கழுவற பினாயில், சோப்புத் தண்ணி ஒரு சொட்டு போகக்கூடாது, உள்ள இருக்கற கிருமி செத்துடும், கேஸை உண்டாக்கறதே அதுதான். ஏற்கெனவே ஓடற கலன்ல இருந்து கொஞ்சம் கரைசல் வாங்கிட்டு வந்து கலந்ததுல சீக்கிரம் புடிச்சிக்கிச்சு.

முதல்ல வர்ற கேஸ் எரியாது, அதுல கார்பன் டை ஆக்சைடுதான் ஜாஸ்தி, காத்தும் கலந்திருக்கும். அத திறந்தவெளியில விட்டுடணும், கலன் வாய்கிட்ட தீக்குச்சி கிழிச்சு பாக்கவே பாக்காதீங்க, ஆபத்து. அடுப்புலதான் பத்த வைக்கணும், அதுவும் இந்த கேஸுக்குன்னு விக்கற அடுப்புல. வரட்டியிலயே சமைச்சு பழகின எங்க மாமியார் நீலமா எரியறத பாத்ததும் பால் வச்சாங்க, கரி புடிக்காத பாத்திரத்த திருப்பித் திருப்பி பாத்துகிட்டே இருந்தாங்க. எங்க வீட்டு ரெண்டு வேளை சமையல் இதுலயே ஆகுது, மார்கழி குளிர்ல மட்டும் கேஸ் குறையும். நெருப்பு துள்ளித் துள்ளி எரிஞ்சா பைப்ல தண்ணி சேர்ந்திருக்குன்னு அர்த்தம், தாழ்வான இடத்துல ஒரு வால்வு வச்சிருந்தா திறந்து வடிச்சிடலாம்.

என்னக் கேட்டா கேஸ விட ஸ்லரிதான், அதாவது கேஸ் வந்த பிறகு கலன்ல இருந்து வெளிய வர்ற சாணிக் கரைசல்தான் பெரிய விஷயம். பல பேர் அத வெயில்ல காயவச்சு மூட்டை கட்டறாங்க, அதுல இருக்கற நைட்ரஜன் நிறைய அமோனியாவா காத்துல போயிடும். நாங்க வாய்க்கால் தண்ணியோடயே கலந்து கரும்புக்கு விடறோம். மிச்சத்த சோகைக்கு, அதாவது கரும்பு வெட்டினதும் வயல்ல கிடக்கற காஞ்ச இலைக்கு. நம்ம பக்கம் வெட்டு முடிஞ்சா சோகைய கொளுத்தறதுதான் வழக்கம், ஏக்கருக்கு மூணு நாலு டன் அப்படியே புகையா போகுது, எனக்கு அத பாக்கவே வயிறெரியும். சோகை தானா மக்கணும்னா ரொம்ப நாளாகும், அதுல நைட்ரஜன் கம்மி, அந்தக் குறைய ஸ்லரி ஈடுகட்டிடும். நிழல்ல ஒரு அடுக்கு நறுக்கின சோகை, மேல ஸ்லரி, திரும்ப சோகை, நடுநடுவுல கிளறி ஈரம் காயாம பாத்துகிட்டா மூணு நாலு மாசத்துல கருப்பா உதிரி எருவாயிடும். மக்கும்போது குவியல் சூடாகும், அந்தச் சூடு முழுசா ஆறின பிறகுதான் மண்புழு விடணும், சூட்டோட விட்டா புழு செத்துடும்.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கம் யாராச்சும் புதுசா கலன் கட்டினா ஆரம்பிக்கறதுக்கு கரைசல் எங்க வீட்டுல எடுத்துக்கலாம், காசு வேணாம், மூடி போட்ட டிரம் மட்டும் கொண்டு வாங்க.