மூணு பத்து

"குப்பியில இன்னும் மருந்து இருக்கே சயாமா, பத்து நிமிஷந்தானே?" என்றார் அந்தத் தாய். பர்மாவில் ஊசி போடும் பெண்ணைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். மணி 3.10. குப்பியைக் கலந்தது காலை 9 மணிக்கு.

தட்டம்மை-ரூபெல்லா மருந்து தூளாக வரும். கூடவே வரும் நீரில் கலந்தால் 10 பேருக்கு, ஆளுக்கு 0.5 மில்லி. கிருமியைத் தடுக்க அதில் ஒன்றும் சேர்ப்பதில்லை. ஊசிநுனி வழியாக ஒன்று உள்ளே போனால் பெருகிவிடும். அதனால்தான் குளிரில் வைத்தாலும் 6 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். தெற்கு சூடானில் 2017ல் கலக்கும் சிரிஞ்சு ஒன்றையே 4 நாள் வைத்து ஓட்டினார்கள், மருந்தையும் குளிரில் வைக்கவில்லை. 15 பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பெட்டியில் திறக்காத குப்பி இன்னொன்று இருந்தது. ஒரே பிள்ளை வந்தாலும் திற என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒன்பது பேர் மருந்தைக் கொட்டிவிட்டு மாதக் கணக்கில் பதில் எழுத வேண்டுமே என்று கை வரவில்லை. "அடுத்த மாசம் வாங்கம்மா" என்றேன்.

"பெரியவனுக்கு மணல்வாரி போட்டிருக்கு. நேத்துதான் தெரிஞ்சது" என்று திரும்பும்போது சொன்னார். மணல்வாரி என்பது தட்டம்மைதான். நிலையில் வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து ஊசி போட யாரும் வெளியே வருவதில்லை. பெகு பக்கத்துத் தமிழ்ப் பாட்டிமார் விடமாட்டார்கள். அதையும் மீறித்தான், தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

தொற்றுப் பட்டு 72 மணி நேரத்துக்குள் போட்டால் ஊசி தடுக்கும், இல்லையென்றால் தணிக்கும். ஆனால் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அண்ணன் பரப்பத் தொடங்கியிருப்பான். இரண்டும் ஒரே பாயில் படுப்பவை. அப்படியானால் குப்பியைத் திறந்திருந்தாலும் கெடு தாண்டித்தான் இருக்கும்.

இந்தக் கணக்கை நான் போட்டது அன்று ராத்திரி, படுக்கையில். மேசையில் அல்ல. கெடு தாண்டியிருந்தாலும் போட்டிருக்கலாம். சின்னது எப்படியோ தப்பியிருந்தால் அடுத்த முறைக்காவது உதவும். 9 மாதத்தில் போடும் ஊசியே நூற்றுக்கு 85 பேரைக் காக்கிறது.

பெரியவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டம்மை வந்த பிள்ளைக்கு, ஒரு வயது தாண்டியிருந்தால், வைட்டமின் ஏ 2 லட்சம் யூனிட். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. கண் போகாமலிருக்க அது வேண்டும். சிவப்பு உருண்டையின் காம்பை நறுக்கி வாயில் பிழிய அரை நிமிஷம் போதும். டப்பா இழுப்பறையில் இருந்தது, கத்தரிக்கோலும் அதிலேயே.