எல்லைப்புறத்துக் கிழவரின் வாக்குமூலம்

அந்தப் பழைய அமெரிக்க ஓய்வூதிய மனுவின் முதல் பக்கத்தைப் படித்துத் தட்டச்சு செய்து முடிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின. ஒரே ஒரு பக்கம், 32 வரிகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் பழைய கிரயப் பத்திரங்களுக்கு நகல் எழுதினேன். எந்தக் கையெழுத்தானாலும் அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் பிடிபட்டுவிடும் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் 1832-இல் கென்டக்கியில் ஒரு நீதிமன்ற எழுத்தர் இறகுப் பேனாவால் எழுதிய ஆங்கிலம் முதல் இரவில் பிடி கொடுக்கவில்லை.

மகள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கென்டக்கி ஆற்றங்கரையில் இருக்கும் பூன்ஸ்பரோ கோட்டைக்குக் கூட்டிப் போனாள். எல்லைப்புற வேட்டைக்காரர் டேனியல் பூன் 1775-இல் நிறுவிய குடியேற்றம் அது. இப்போது நிற்பது மறுபடி கட்டிய மரக்கோட்டை. வரிசையாக நட்ட மரத்தூண்களும், மூலைக்கொரு காவல் வீடும், உள்ளே சிறு சிறு குடில்களுமாக இருந்தது. "இங்கே இருந்தவர்கள் சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்கிறது அப்பா. பொதுமக்களே அதைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். அன்று இரவே கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள்.

அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களின் ஓய்வூதிய மனுக்கள் அவை. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 80,000-க்கும் மேற்பட்ட கோப்புகளாக இருக்கின்றன; 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். விடுதலையின் 250-ஆம் ஆண்டை ஒட்டி, தேசியப் பூங்காத் துறையுடன் சேர்ந்து இவற்றைத் தன்னார்வலர்களைக் கொண்டு படியெடுத்து வருகிறார்கள். எந்த நாட்டில் இருந்தும் செய்யலாம். ஊர் திரும்பிய பிறகு பாளையங்கோட்டையில் இருந்துதான் நான் பெரும்பகுதியைச் செய்தேன்.

இந்த மனுக்கள் இவ்வளவு விரிவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி எரிந்து, படைவீரர் பதிவேடுகளில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. 1832 ஜூன் 7-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. ஆறு மாதமாவது படையில் இருந்தவர்களுக்கு ஆயுள் முழுதும் ஓய்வூதியம். சாதாரணச் சிப்பாய்க்கு ஆறு மாதச் சேவைக்கு ஆண்டுக்கு 20 டாலர். இரண்டு ஆண்டு முழுதும் இருந்திருந்தால் 80 டாலர். காட்ட வேண்டிய காகிதம் யாரிடமும் இல்லை. ஆகவே எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள் தங்கள் கவுண்டி (மாவட்டம் போன்றது) நீதிமன்றத்துக்கு நடந்தோ குதிரையிலோ வந்து, சத்தியம் செய்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவிலிருந்து சொன்னார்கள். எங்கே பிறந்தாய், வயதுக்கு ஆதாரம் உண்டா, தானாகச் சேர்ந்தாயா, இன்னொருவனுக்குப் பதிலாகப் போனாயா, அதிகாரிகள் யார் யார் என்று வரிசையாகக் கேள்விகள். எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ குடியானவர்கள் வாழ்நாளில் வாய்திறந்து பேசிய பேச்சு காகிதத்தில் ஏறிய ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் இந்த வேலையில் கிடந்தேன்.

என் கோப்பு கென்டக்கியில் குடியேறிய ஒருவருடையது. சாட்சியம் சொல்லும்போது அவருக்கு வயது 74. இங்கே அவரை முதியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

நான்காம் இரவில்தான் வழி கிடைத்தது. இந்த மனுக்கள் எல்லாமே ஒரே வாசகத்தில் தொடங்குகின்றன: இன்ன நாளில், இன்ன நீதிமன்றத்தில், இன்னார் நேரில் தோன்றி, முறைப்படி சத்தியம் செய்து, இன்ன சட்டத்தின் பயனைப் பெறுவதற்காகப் பின்வரும் வாக்குமூலத்தை அளிக்கிறார். நம் பத்திரங்கள் 'நாளது தேதியில்' என்று தொடங்குவது போல. என்ன எழுதியிருக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிகிற வரிகள் அவை. ஆகவே அந்த வரிகளை எடுத்துக்கொண்டு, அந்த எழுத்தரின் ஒவ்வொரு எழுத்தும் எப்படி வளைகிறது என்று ஒரு நோட்டில் வரைந்துகொண்டேன். அவருடைய பெரிய எஸ்ஸும் பெரிய எல்லும் கிட்டத்தட்ட ஒரே சுழி. சொல்லின் நடுவில் இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதலாவதை நீட்டி இழுத்து எஃப் போல எழுதுவார். காங்கிரஸ் என்ற சொல்லை நான் 'காங்கிரெஃப்ஸ்' என்று அடித்து வைத்திருந்தேன். ஓலைச்சுவடி படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளி இல்லாத மெய்யும், ரகரம் போலவே நிற்கும் காலும் அங்கே செய்கிற வேலையைத்தான் இந்த நீண்ட எஸ் இங்கே செய்கிறது. அந்த நோட்டுப் பக்கம் கையில் வந்த பிறகு இரண்டாம் பக்கம் ஒரே மாலையில் முடிந்தது. புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தெரிந்த வரியிலிருந்து தெரியாத வரிக்குப் போங்கள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. 'புளூ', அதாவது நீலம், என்று தெளிவாகத் தெரிகிறது. அடுத்த சொல்லை 'சிக்' என்று படித்தேன், நோயாளி என்ற பொருளில். நீல நோயாளி? பொருந்தவில்லை. தெளிவில்லை என்ற குறியைப் போட்டுவிட்டு மேலே போனேன். மறுநாள் பார்த்தால், ஓஹையோவில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அம்மா அதை 'லிக்' என்று திருத்திக் குறிப்பும் எழுதியிருந்தார். உப்பூற்று இருக்கும் உவர்நிலத்துக்கு அங்கே லிக் என்று பெயர். மானும் காட்டெருமையும் மண்ணை நக்க வந்து வந்து தடம் விழுந்த இடம். நக்குமிடம் என்பதே பெயராகிவிட்டது. வேடர்கள் அங்கே பதுங்கினார்கள், குடியேறியவர்கள் அங்கே உப்புக் காய்ச்சினார்கள். 1778 பிப்ரவரியில் அப்படி உப்புக் காய்ச்சப் போனவர்களோடுதான் பூன் ஷானி என்ற பழங்குடி மக்களிடம் பிடிபட்டார்.

அந்த ஒரு சொல் திருந்தியதும் பக்கம் முழுதும் வேறாகிவிட்டது. முதியவர் சொல்வது புளூ லிக்ஸ் என்ற உப்பூற்று இடத்தில் நடந்த சண்டையை. 1782 ஆகஸ்ட் 19. யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி சரணடைந்து பத்து மாதம் ஆகிவிட்டது. கடற்கரை நகரங்களில் போர் முடிந்த மாதிரிதான். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே, கென்டக்கிப் பக்கம், முடியவில்லை. சுமார் 180 கென்டக்கிக்காரர்கள் ஆற்றைக் கடந்து போய், பிரிட்டிஷாரும் பழங்குடிகளும் சேர்ந்த படையிடம் சிக்கிக்கொண்டு, சுமார் 70 பேர் செத்தார்கள். பூனின் மகன் இஸ்ரேலும் அதில் ஒருவன். நம் முதியவர் சண்டையில் இல்லை. சில நாள் கழித்து பெஞ்சமின் லோகன் தலைமையில் பிணங்களைப் புதைக்கப் போனவர்களில் ஒருவர். வெயிலில் கிடந்த உடல்களில் யார் யார் என்று முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார். தன் அண்டை வீட்டுக்காரரைச் சட்டையில் போட்டிருந்த ஒட்டுத் துணியை வைத்து அடையாளம் கண்டதாகச் சொல்கிறார். அந்த ஒட்டுத் துணியைப் பற்றி எழுத்தர் அரை வரிதான் எழுதியிருக்கிறார். அதைத் தட்டச்சு செய்தபின் மேற்கொண்டு செய்ய முடியாமல் மடிக்கணினியை மூடிவைத்தேன்.

நான் செய்த பெரிய தவறு நான்காம் பக்கத்தில். எல்லைப்புறப் படைத்தலைவர் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்குடன் ஓஹையோ ஆற்றைக் கடந்து ஷானி ஊர்கள் மேல் படையெடுத்ததை முதியவர் சொல்கிறார். ஆண்டு 1781 என்கிறார். அவர் விவரிக்கும் படையெடுப்பு நடந்தது 1780 ஆகஸ்டில். கிழவர் மறந்துவிட்டார் என்று நான் பெருந்தன்மையோடு 1780 என்று அடித்தேன். இரண்டு நாளில் வேறொருவர் அதை 1781 என்றே மாற்றி, 'பார்த்ததை மட்டும் தட்டச்சு செய்யவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நகல் எழுத்தனாக நான் பாதி வாழ்க்கையை ஓட்டியதே அந்த விதியில்தான். மூலத்தில் தென்பால் எல்லை தவறாக இருந்தால் நகலிலும் தவறாகவே இருக்க வேண்டும். திருத்துவது நம் வேலை அல்ல. முதுமையாலும் நினைவு தளர்ந்ததாலும் ஆண்டுகளை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று அந்த மனுக்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய மறதியும் சாட்சியத்தின் ஒரு பகுதி. அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை.

அதே பக்கத்தில்தான் சோளம் வருகிறது. ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்து, சண்டை முடிந்து, இரண்டு நாள் மக்காச்சோளத்தை வெட்டினோம் என்கிறார். வெட்டினோம், எரித்தோம், திரும்பினோம். கதிர் முற்றாத ஆகஸ்ட் மாதம். நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் பயிரிட்ட வீட்டுப் பிள்ளை. நிற்கிற பயிரை அரிவாளால் சாய்ப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். அந்தக் குளிர்காலத்தில் ஷானிப் பெண்களும் குழந்தைகளும் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த மனுவிலும் கேள்வி இல்லை. அதே கோடையில் பிரிட்டிஷாரும் பழங்குடிகளும் சேர்ந்து கென்டக்கியில் இரண்டு குடியேற்றங்களைப் பிடித்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கைதிகளாக நடத்திப் போனார்கள் என்பதும் உண்மை. முதியவர் அந்த ஆத்திரத்தோடுதான் புறப்பட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு ஐம்பது ஆண்டு கழித்துப் பேச ஒரு நீதிமன்றம் இருந்தது. எதிரில் நின்றவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று மூன்று ஷானி இனக்குழுக்களாக ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள், அந்தச் சோளக்கொல்லைகளிலிருந்து வெகு தொலைவில். இந்தக் கோப்புகளில் ஓஹையோ ஊர்களின் பெயர், சோளக்கொல்லையின் பரப்பு, எரித்த வீடுகளின் எண்ணிக்கை எங்கே வந்தாலும் நான் இரண்டு முறை சரிபார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறேன். அவர்கள் பக்கத்துச் சாட்சியம் இந்தக் கோப்புகளில் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

நடைமுறைத் தொல்லைகள் அதிகம் இல்லை. ஒரு முறை முழுப் பக்கத்தையும் அடித்து முடித்த நேரத்தில் மின்சாரம் போய், சேமிக்காத ஒன்றரை மணி நேர உழைப்பு போயிற்று. அதிலிருந்து ஐந்து வரிக்கு ஒரு முறை சேமிக்கிறேன்.

மனுவின் கதி என்ன ஆயிற்று என்று தெரிய ஆறாம் பக்கம் வரை போக வேண்டியிருந்தது. கோப்பு எண்ணின் முதல் எழுத்திலேயே அது இருந்தது, அப்போது எனக்குத் தெரியவில்லை. எஸ் என்றால் உயிரோடிருந்த வீரர், டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. இவருடையது ஆர். 1783-இல் சமாதானம் கையெழுத்தான பிறகு செய்த சேவை கணக்கில் வராது. எல்லைப்புறத்தில் சண்டை 1795 வரை ஓயவில்லை. இந்த மனிதர் 1786-இலும் லோகனோடு ஷானி ஊர்களுக்குப் போயிருக்கிறார். அந்த நாட்களைக் கழித்தால் ஆறு மாதம் நிறையவில்லை. ஒழுங்கான படைப்பிரிவில் இல்லை என்று இன்னொரு காரணமும் சேர்த்திருந்தார்கள். மரக்கோட்டைச் சுவருக்குள் காவல் இருந்ததும், உளவு பார்க்கக் காட்டில் இரவிரவாக நடந்ததும், உழுகிறவனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றதும் ஓய்வூதிய அலுவலகத்தின் கண்ணுக்குப் படைச் சேவையாகத் தெரியவில்லை. பொய் மனுக்களும் நிறைய வந்துகொண்டிருந்தன என்பதால் அவர்கள் கடுமையைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் அந்த 20 டாலர் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் என் மனம் இன்றும் சொல்கிறது.

கோப்பின் கடைசியில் 1926-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. தட்டச்சுக் கடிதம்; பத்து நிமிடத்தில் படியெடுத்துவிட்டேன். முதியவரின் கொள்ளுப் பேத்தி ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதியது. அவர் போரில் இருந்தாரா, எந்தப் படையெடுப்பில் என்று கேட்கிறாள். முடிவில், அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது இருந்தால் அதன் நகல் கிடைக்குமா, எங்கள் வீட்டில் யாரும் அவர் எழுத்தைப் பார்த்ததில்லை என்கிறாள். அலுவலகத்தின் பதிலில் சேவை விவரங்கள் இருக்கின்றன. படையெடுப்பின் ஆண்டு அவர் சொன்னபடியே 1781. கையெழுத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தேன். வாக்குமூலத்தின் கீழே எழுத்தரின் கையெழுத்தில் முதியவரின் பெயர். முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவே இடம் விட்டு, மேலே 'அவருடைய' என்றும் கீழே 'குறி' என்றும் எழுதியிருக்கிறது. நம் பழைய பத்திரங்களில் 'இன்னார் கீறல்' என்று இருக்குமே, அதேதான். நடுவில் இரண்டு கோடுகள் குறுக்காக. ஒரு கோடு நேராக இருக்கிறது. மற்றது பாதியில் நடுங்கி, மையைச் சிந்தி, கீழ்வரியில் போய் முடிகிறது. தட்டச்சில் அதற்கு ஓர் எக்ஸ் எழுத்துதான் இருக்கிறது. அதை அடித்தேன்.