ஸ்பான் போட்டு டிராஃபிக் பாக்க ரெண்டு நாள் அலைஞ்ச கதை

பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல நான் வேலை செய்யுற பேக்டரி. பி பிளாக்ல லேபல் ஸ்கேன் பண்ற மிஷின் ஒன்னு அடிக்கடி கனெக்‌ஷன் விட்டுட்டே இருந்துச்சு. எல்லாம் சிஸ்கோ சுவிட்ச், சரி ஸ்பான் (ஒரு போர்ட்ல போறது வர்றத இன்னொரு போர்ட்டுக்கு காப்பி அனுப்புற வசதி) போட்டு வயர்ஷார்க்ல (பாக்கெட்ட பிரிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) பாத்துடலாம்னு பி பிளாக்லயே லோக்கலா போட்டேன், ரெண்டே வரி, உடனே பாக்கெட் கொட்டுச்சு.

லேப்டாப்ப அங்கயே ஓட விட்டுட்டு பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து ரிமோட்ல நுழையப் பாத்தா, முடியல. லேப்டாப் மாட்டுன டெஸ்டினேஷன் போர்ட் காப்பிய வெளிய தள்ளுமே தவிர, நாமளா இன்கிரஸ் (உள்ள வர்ற வழி) திறந்து விடாத வரைக்கும் லேப்டாப் அனுப்புறத உள்ள வாங்காது, அப்புறம் ஐபி எங்கேருந்து கிடைக்கும்? அந்த ராத்திரியே 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்த திரும்பத் தாண்டிப் போனேன். தயவுசெஞ்சு ரிமோட்ல நுழையறதுக்குன்னு ரெண்டாவதா ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் போட்டு சாதாரண போர்ட்ல மாட்டிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.

மறுநாள் ஏ பிளாக்ல என் மேசைக்கே காப்பிய கொண்டு வரலாம்னு ஆர்ஸ்பான் (வேற சுவிட்ச்சுக்கு காப்பிய அனுப்புற ஸ்பான்) போட்டேன். ரெண்டு பக்கமும் விலான் (ஒரே சுவிட்ச்ல தனியா பிரிச்ச நெட்வொர்க்) 900 உருவாக்கி ரிமோட்-ஸ்பான்னு அடிச்சேன். ஒரு பாக்கெட் கூட வரல. நடுவுல இருக்குற கோர் சுவிட்ச்ல அந்த விலானே இல்ல, அத நான் யோசிக்கவே இல்ல! வழியில இருக்குற ஒவ்வொரு சுவிட்ச்லயும் ரிமோட்-ஸ்பான்னு சொல்லணும், டிரங்க்லயும் (சுவிட்ச்சுகள இணைக்கிற லைன்) அந்த விலான விடணும். கோர் சுவிட்ச்ச பாத்துக்கறது வெளி கான்டிராக்டர். "ஃபார்ம் இல்லாம தொட மாட்டோம் அண்ணே"ன்னு சொல்லி அரை நாள் இழுத்தடிச்சாங்க.

கடைசில போன்ல அந்தத் தம்பி கமாண்ட வாசிக்கிறார், "சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 900". எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு. "தம்பி, என்டர் தட்டாதீங்க, 'ஆட்' எங்க?" இருக்குறதோட சேர்க்கச் சொல்ற அந்த ஒரு வார்த்தை இல்லாம அடிச்சிருந்தா அந்த டிரங்க்ல 900 தவிர மத்த விலான் எல்லாம் போயிருக்கும், பி பிளாக் மொத்தமும் படுத்திருக்கும். அதத் தடுத்ததுதான் எனக்கு இன்னும் பெரிய நிம்மதி.

அப்புறம் டிராஃபிக் வந்துச்சு. ஆசைப்பட்டு நாலஞ்சு போர்ட்ட சேர்க்காதீங்க. ஒரு ஜிகாபிட் போர்ட்லயே போறது வர்றது ரெண்டும் சேந்தா 2 ஜிகாபிட், காப்பி வாங்குற போர்ட் 1 ஜிகாபிட்னா மிச்சம் சொல்லாம கொள்ளாம விழுந்துடும். மிஷின் போர்ட்ட மட்டும் வச்சேன்.

பத்தே நிமிஷம். சர்வர் ஐபி யாருதுன்னு மிஷின் கேக்குது, ரெண்டு வேற வேற மேக் அட்ரஸ்லேருந்து (நெட்வொர்க் கார்டோட நம்பர்) பதில் வருது. பக்கத்து லைன்ல புதுசா வச்ச லேபல் பிரிண்டருக்கு யாரோ சர்வரோட ஐபியவே போட்டுருக்காங்க. பிரிண்டர் ஐபிய மாத்துனேன், காப்பி அனுப்பப் போட்ட மானிட்டர் செஷன ரெண்டு பக்கமும் கழட்டிட்டேன். நேத்துலேருந்து மிஷின் ஒரு தடவ கூட விடல.